தோற்கும்போது எழுந்து போகிறவர்கள்

நிவேதா கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் சரியான பதில் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற மனிதன் எழுத உட்கார்ந்தால் எல்லாம் தெரிந்தவன்போல் எழுதுவான் என்று நம்பி வருகிறவர்கள் பிறகு என்னைத் திட்டக்கூடாது.

நிவேதா இப்போது என்னுடைய பழைய கதிரையில் இருக்கிற பிள்ளை. சிட்னியில் பிறந்தவள், கெட்டிக்காரி. மாநிலத்தில் உதைபந்தாட்டக் கழகங்களுக்கு ஆண்டுதோறும் அனுமதி வழங்கும் பிரிவில் வேலை. அனுமதி இல்லாத கழகம் லீக்கில் விளையாட முடியாது. மைதானம் பாதுகாப்பானதா, கழகத்தைக் கையில் வைத்திருப்பவர் ஒழுங்கான ஆளா, அங்கத்தவர்களின் குரலுக்கு இடம் உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும். என் வாழ்க்கையின் பாதி அதிலேதான் போனது.

இங்கிலாந்தில் கழகங்களைக் கண்காணிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். ரசிகர்களைக் கேட்காமல் மைதானத்தை விற்கவோ நிறத்தை மாற்றவோ முடியாதாம். அந்தக் காற்று இங்கேயும் அடிக்கிறது. மேலிடத்தில் நிவேதாவிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அவள் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அங்கிள், ரசிகர் எண்டா ஆர்? எனக்கு ஒரு டெஃபினிஷன் வேணும்."

"பந்தடி பாக்கிறவன்தான் பிள்ளை."

"நோ அங்கிள், சீரியஸா. இங்க ஒரு ப்ராப்ளம் இருக்கு. ரெண்டு கிளப் ஒரே ஆக்களைத் தங்கட ரசிகர் எண்டு சொல்லுது. வென்ட்வேர்த்வில் பக்கம். கோர்னர் ஃப்ளாக் அங்கிள்மார். உங்களுக்குத் தெரியும்தானே?"

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்! யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதில்லை. மன்னாரிலிருந்து இங்கே வந்து, ஒரு பெரிய விளையாட்டரங்கில் ஆட்டம் முடிந்தபின் இருக்கைகளுக்கு அடியில் குப்பை பொறுக்கினேன். வார இறுதிகளில் நடுவர் பயிற்சி எடுத்தேன். கண் நல்லது, கால் மெதுவானது என்று சொல்லி என்னை மைதானம் சோதிக்கிற வேலைக்குத் தள்ளினார்கள். அங்கிருந்து அலுவலகத்துக்கு வந்தேன். அவ்வளவுதான். வேலையைக் கற்றுக்கொண்டது ஹெலனிடம்.

ஹெலன் என் மேலதிகாரி. மழைக்காலத்தில் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, கையில் ஒரு தேநீர்ச் சூட்டுப் போத்தல், கழுத்தில் ஒரு பழைய சால்வை. கழகத் தலைவர்கள் வாசலில் நின்று வரவேற்றால் கை கொடுத்துவிட்டு நேரே கழிப்பறைக்குப் போவார். பெண்களின் கழிப்பறைக்கு முதலில். அதன் கதவு உள்ளே பூட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு உடைமாற்றும் அறை. பிறகு கோல் கம்பம். அதைத் தோளால் தள்ளிப் பார்ப்பார், என்னையும் தள்ளச் சொல்வார். அசைந்தால் அன்றைக்கு வேறொன்றும் பேசமாட்டார். எல்லைக்கோட்டுக்கும் வேலிக்கும் இடையிலான தூரத்தை நாடா பிடித்து அளக்கிறவன் நான். ஓடி வருகிற பிள்ளை வேலியில் மோதாமல் நிற்க இடம் வேண்டும் என்பதுதான் காரணம். காரணத்தைச் சொல்லாமல் ஒரு அளவையும் அவர் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

கழகம் தருகிற சாப்பாட்டைத் தொடமாட்டார். கன்ரீனுக்குப் போய் வரிசையில் நின்று தானே வாங்குவார். வரிசையில் நின்றால்தான் சனம் கழகத்தைப் பற்றிப் பேசுவது காதில் விழும் என்பார்.

கழகம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதென்றால் நடைமுறை இன்னும் கடுமை. வாங்க வருகிறவரிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு இடங்களில் கேட்பார். பதில் மாறுகிறதா என்று நான் கவனிக்க வேண்டும். பெயர், நிறம், மைதானம் ஆகிய மூன்றையும் தொடுவதென்றால் அங்கத்தவர்களின் வாக்கு வேண்டும், ரசிகர்களையும் தனியாகக் கேட்க வேண்டும். முடிவு எங்கள் கையில் இல்லை. கழகங்களுக்கும் எங்களுக்கும் கட்டுப்படாத மூவர் குழு ஒன்று இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு கணக்காளர், ஒரு முன்னாள் வீராங்கனை. நாங்கள் பார்த்ததை எழுதிக் கொடுப்போம். அவர்கள் தீர்ப்பார்கள்.

ரசிகர் யார் என்று கண்டுபிடிக்க ஹெலனிடம் ஒரு முறை இருந்தது. மைதானத்தில் ஆகத் திறமில்லாத இடமாகப் பார்த்து உட்காருவார். வெயில் முகத்தில் அடிக்கிற இடம் அல்லது சேறு. அந்தக் கழகம் தோற்கத் தொடங்கும்வரை காத்திருப்பார். தோற்கத் தொடங்கியதும் ஆட்டத்தைப் பார்க்கமாட்டார். சனத்தைப் பார்ப்பார்.

"வெல்லும்போது எல்லோரும் ரசிகர்கள்தான் தாஸ். தோற்கும்போது யார் இருக்கிறார்கள் என்று பார். அவர்களைத்தான் நாம் கேட்க வேண்டும்."

எத்தனையோ கழகங்களில் இது பொய்த்ததில்லை. எனக்கும் அது வேதவாக்கு. முத்துக்கரைக் கழகத்துக்குப் போகும்வரை.

ஹெலனின் தகப்பன் கிரேக்கர், மெல்பேர்ணில் ஒரு கிரேக்கக் கழகத்துக்கு மேளம் அடித்தவர். ஒரு காலத்தில் ஊர்ப்பெயர், இனப்பெயர் எல்லாம் வேண்டாம் என்று அந்தக் கழகத்தின் பெயரையும் சின்னத்தையும் மேலிருந்து மாற்றிவிட்டார்கள். அவர் மேளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கராஜில் வைத்தவர்தான், பிறகு ஒரு ஆட்டத்துக்கும் போகவில்லை. ஹெலன் இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று பிறகு நான் கேட்கவில்லை.

முத்துக்கரைக் கழகம் எங்கள் ஆட்கள் தொடங்கியது. அகதிகளை அடைத்து வைக்கிற வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்த சில இளைஞர்கள், அவர்களுக்கு முன்பே வந்து பாண் பேக்கரியிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்த மன்னார், யாழ்ப்பாணக் கரையோர ஆட்கள், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு ஓடைக்கரை மைதானத்தைப் பிடித்தார்கள். மழை பெய்தால் ஒரு பக்கம் குளமாகிவிடும். மைதானமே சற்றுச் சரிவு. நீலமும் வெள்ளையும் சட்டை. பிறகு ஆபிரிக்கப் பிள்ளைகள், ஈராக்கியப் பிள்ளைகள், இந்தியப் பிள்ளைகள் என்று எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். கழகம் வளர்ந்து மாநில லீக்குக்கு வந்தது.

தொடங்கியவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் வீட்டிலிருந்து பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து ஓடைப் பக்க மூலைக்கொடிக்கு, நிவேதா சொன்ன அந்தக் கோர்னர் ஃப்ளாக்குக்கு, பின்னால் போட்டு உட்காருவார்கள். அங்கிருந்து பாதி மைதானம்தான் ஒழுங்காகத் தெரியும். மற்றப் பாதியைச் சத்தம்போட்டு நிரப்புவார்கள். அவர்களுக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. ஆனால் சூசை அண்ணை எழும்பினால் மற்றவர்களும் எழும்புவார்கள். ஊரில் கடற்றொழில் செய்தவர், இங்கே பாண் பேக்கரியில் வேலை செய்து முழங்காலைத் தொலைத்தவர். தன் அணியை அவர் வாழ்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. "உவனுக்குக் காலோ கட்டையோ?" என்பதுதான் அவருடைய அதிகபட்ச அன்பு.

இந்தக் கழகத்தின் கோப்பு என் மேசைக்கு வந்தபோது ஹெலனிடம் போய்ச் சொன்னேன்.

"இது என் ஆட்களின் கழகம். நான் போவது சரியில்லை."

"உன் உறவினர் யாராவது?"

"இல்லை. ஊரில் என் பங்குக் கோவில் அணியும் சூசை என்பவரின் பங்குக் கோவில் அணியும் பரம எதிரிகள். பந்தடியில் தொடங்கிப் பாதிரியார் வந்து விலக்குப் பிடிக்கிற அளவுக்குப் போனது."

ஹெலன் சிரித்தார். "எதிரி என்றால் நல்லது. நீயே போ." அதை எழுத்திலும் பதிந்து மூவர் குழுவுக்கு அறிவித்துவிட்டார்.

கழகத்தைப் பொறுப்பெடுக்க வந்தவர் செந்தில்குமார். கோயம்புத்தூர்க்காரர், மெல்பேர்ணில் பொயிண்ட் குக்கில் வீடு, இரண்டு நகரங்களிலும் பிள்ளைகள் பராமரிப்பு நிலையங்கள் வைத்திருந்தார். கதையில் இவர்தான் கெட்டவர் என்று எதிர்பார்க்க வேண்டாம். நானும் எதிர்பார்த்துத்தான் போனேன். ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில். மனிதர் உதைபந்தாட்டப் பைத்தியம். வடமேற்கில் செயற்கைப் புல் போட்ட புதிய மைதானம், மின்விளக்கு, கார் நிறுத்த இடம், பெண்பிள்ளைகளுக்குத் தனி உடைமாற்றும் அறை. அங்கே கழகத்தைக் கொண்டுபோக வேண்டும். பெயர் வெஸ்ட்லைன் யுனைட்டட், நிறம் செம்மஞ்சள்.

"சார், இங்க மழை பேஞ்சா மேட்ச் கேன்சல். பசங்க பாவம் சார். நான் எல்லாருக்கும் மெயில் போட்டேன். ஒருத்தர் கூட ரிப்ளை பண்ணலை. அந்தப் பெரியவங்க என்னைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. நான் எங்க சார் தப்பு பண்ணேன்?"

எனக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் விண்ணப்பிக்கிறவருக்கு அதிகாரி வழி சொல்லிக்கொடுக்கக்கூடாது. அதுதான் சுயாதீனம். "அது குழு தீர்மானிக்கும் விசயம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு இலேசாக இருக்கவில்லை.

இனி அங்கத்தவர் பதிவு. வாக்களிக்கும் உரிமை பதிந்த அங்கத்தவருக்கு மட்டும். பதிந்திருந்தவர்கள் எல்லோரும் இப்போது விளையாடுகிற பிள்ளைகளின் பெற்றோர். பலர் ஒரு பருவத்துக்கு முன் வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புதிய மைதானம் வேண்டும், அதில் தவறும் இல்லை. மூலைக்கொடி ஆட்களில் ஒருவர்கூடப் பதியவில்லை. கழகத்தைத் தொடங்கியவர்களே கழகத்தில் இல்லை!

சூசை அண்ணையிடம் கேட்டேன்.

"ஏன் அண்ணை பதியேல்லை?"

"நான் ஏன்ராப்பா பதியவேணும்? ஊரில எங்கட பங்கு ரீமில ஆரும் பதிஞ்சவையே? பிறந்தாப் போதும். நீங்கள் உங்கட பங்கில பதிஞ்சனீங்களோ?"

"இது ஊரில்லை அண்ணை."

"அதைத்தான் நாங்கள் ஊராக்கினனாங்கள். அவன் என்ர கழகத்தைத் தூக்கிக்கொண்டு போப்போறான், என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை. விட்டிருவனோ?"

சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் முன்னால் கண் துடைக்க வெட்கப்பட்டு ஓடைப் பக்கம் திரும்பி நின்றார். இந்த வயதில் அவரிடமிருந்து எதையாவது பறிக்க முடியும் என்றால் அது இந்தக் கழகம் ஒன்றுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. பரம எதிரிப் பங்குக்காரன் நான். இருந்தும் அவர் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விதியில் ஒரு சிறு வாசல் இருந்தது. பதியாவிட்டாலும் நீண்டகாலமாக விடாமல் கழகத்தோடு நிற்பவர்களை ரசிகர்களாகக் குழு ஏற்கலாம், அந்த ஒரு விவகாரத்துக்கு மட்டும் வாக்கும் கொடுக்கலாம். அதை நாங்கள் நிரூபிக்க வேண்டும். ஹெலன் தன் முறையை எடுத்துக்கொண்டு வந்தார். மூலைக்கொடி ஆட்களுக்குப் பக்கத்திலேயே ஈரமான புல்லில் உட்கார்ந்தார்.

முத்துக்கரை தோற்கத் தொடங்கியது. முதல் கோல் விழுந்தது, சூசை அண்ணை கோல்காப்பாளரின் பரம்பரையை விசாரித்தார். இரண்டாவது விழுந்தது, பயிற்றுநரின் பரம்பரைக்கு வந்தார். மூன்றாவது விழுந்ததும் எழுந்து கதிரையை மடித்தார். "தூ! உதுகளைப் பாக்கிறதிலும் வீட்டை போய்ப் படுக்கலாம்." மற்றவர்களும் கதிரையை மடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூலைக்கொடி வெறிச்சென்று போய்விட்டது.

அந்தப் பக்கம் பெற்றோர் எல்லோரும் குடையோடு அப்படியே நின்றார்கள், கை தட்டினார்கள், "அடுத்தமுறை பார்க்கலாம்" என்று பிள்ளைகளுக்குத் தைரியம் சொன்னார்கள்.

ஹெலன் என்னைப் பார்த்தார். "தாஸ், உன் ஆட்கள் போய்விட்டார்கள்."

"அவர்கள் கோபத்தில் போகிறார்கள். தாங்க முடியாமல் போகிறார்கள்."

"எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பெற்றோர் நிற்கிறார்களே?"

"பெற்றோர் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டுதானே போக வேண்டும்!"

சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. பெற்றோருக்கும் அன்புதான் காரணம் என்றால்? நான் என் ஆட்கள் என்பதால் கோபத்தை அன்பு என்கிறேனா? வேறு ஒரு கழகத்தில் வேறு ஒரு கூட்டம் எழுந்து போயிருந்தால் இப்படி வக்காலத்து வாங்கியிருப்பேனா?

ஹெலன் சூட்டுப் போத்தலை மூடிக்கொண்டு எழுந்தார். கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தோம். அங்கே ஒரு வெள்ளை வான் வண்டிக்குப் பின்னால் மூலைக்கொடி ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடித்த கதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மைதானத்திலிருந்து ஒரு ஆரவாரம் வந்தது. அது எந்த அணியின் சத்தம் என்று சூசை அண்ணை திரும்பாமலே என்னிடம் கேட்டார்.

"தாசு, அது ஆற்ற சத்தம்?"

நான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன், முத்துக்கரை ஒரு கோலைத் திருப்பிவிட்டது என்று. ஒருவர் வானில் ஒரு தட்டுத் தட்டினார். சூசை அண்ணை கதிரையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். ஆனாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹெலன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இத்தனை வருடமாக நான் இருக்கைகளைத்தான் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கவே இல்லை" என்றார். அவர் குழம்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாங்கள் கண்டதைக் கண்டபடி எழுதினோம். மூவர் குழுவில் கணக்காளர் மூக்கைச் சுருக்கினார். ஆட்டத்தைப் பார்க்காமல் முதுகைக் காட்டுவதை எப்படிக் கழகத்தோடு நிற்பதாக எடுப்பது என்று கேட்டார். முன்னாள் வீராங்கனை பதில் சொன்னார். தான் ஆடிய காலத்தில் தன் தாயும் பெனால்ரி என்றால் அரங்கைவிட்டு வெளியே போய்விடுவாராம். அந்தத் தாயின் தயவில் மூலைக்கொடி ஆட்களுக்கு வாக்கு கிடைத்தது. அவர்கள் எதிர்த்தால் இடமாற்றம் தோற்கும். பெற்றோரிலும் தூரம் என்று தயங்கியவர்கள் இருந்ததால் அந்தளவுக்கு இரண்டு பக்கமும் நெருக்கம்.

வாக்கெடுப்பு ஒரு சமூக மண்டபத்தில், ஞாயிறு பூசைக்குப் பிறகு. செந்தில்குமார் திரையில் படம் காட்டினார். சூசை அண்ணை கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டோடு வந்து, திரையைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோர் பக்கத்தில் ஒரு தாய் எழுந்து, தன் மகள் மழையில் காருக்குள் உடை மாற்றுகிறாள் என்று சொன்னார். அதுவும் உண்மை. அந்தத் தாய் பேசும்போது நான் அவர் பக்கம், சூசை அண்ணையைப் பார்த்தால் இந்தப் பக்கம். நல்லவேளை எனக்கு வாக்கு இல்லை.

பிறகு நீதிபதி ரசிகர்களைக் கேட்க வேண்டிய கட்டம். அவர் மேடையிலிருந்தே கேட்டிருக்கலாம். சூசை அண்ணைக்குக் காது மந்தம் என்று யாரோ சொல்ல, அவர் இறங்கி வந்தார். வந்து, சூசை அண்ணைக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஐயா, இந்தக் கழகத்தைத் தொடங்கியவர்கள் நீங்கள். இதை வேறு இடத்துக்குக் கொண்டுபோகக் கேட்கிறார்கள். உங்கள் விருப்பம் என்ன?"

சூசை அண்ணை அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, செந்தில்குமாரைப் பார்த்தார்.

"இண்டைக்குத்தான் எங்களைக் கேட்டவை" என்றார். "பிள்ளையள் மழையில நனையாமல் விளையாடட்டும். கொண்டு போகட்டும்."

சம்மதம் என்று கையை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் மூலைக்கொடி ஆட்களின் கைகள் எல்லாம் உயர்ந்தன. ஹெலன் என்னைப் பார்த்தார், பிழையாக மொழிபெயர்த்துவிட்டேனோ என்ற பார்வை. இல்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் அது சம்மதம்தான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மண்டபத்து வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அண்ணை செய்தனீங்கள்? இந்த வாக்குக்காக நாங்கள் பட்ட பாடு தெரியுமே? வேண்டாம் எண்டு சொல்லியிருந்தா நிண்டிருக்குமே!"

"கேட்டவங்கள். அது காணும், வேறென்ன வேணும்?"

"விட்டிருவனோ எண்டு கேட்டது ஆர்?"

"கேக்காமல் விட்டாத்தான்ராப்பா விடமாட்டன். கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டால் சித்தப்பன் பந்தலுக்க நிண்டு சண்டை பிடிப்பான். வீட்டை வந்து சொன்னால், 'எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கேல்லை' எண்டு சொல்லிச் சொல்லிப் பந்திக்கு முதல் ஆளாய் வந்து இருப்பான். உனக்குத் தெரியாதோ?"

தெரியும். செந்தில்குமாரிடம் நாக்கு நுனியில் நின்ற பதில் அதுதான். மின்னஞ்சல் போடாமல் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்திருந்தால் கோப்பு இவ்வளவு தடித்திருக்காது. ஆனால் அது அத்தனை எளிதாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு உடைந்த குரல் பொய்யா? இல்லை, அது பொய்யில்லை. அப்படியென்றால் இந்தக் கை?

"அப்ப மைதானம் அண்ணை?"

"மைதானம் எங்கை போகுது? கழகம்தானே போகுது" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு போனார்.

காரில் திரும்பினோம். பரமட்டா தாண்டியதும் ஹெலன் தன் தகப்பனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"என் அப்பாவை ஒருவரும் கேட்கவில்லை" என்றார். "கேட்டிருந்தால் அவரும் கையை உயர்த்தியிருப்பாரோ, தாஸ்? அந்த மேளம் பிறகும் ஒலித்திருக்குமோ?"

தெரியாது என்றே சொன்னேன். அவர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு அவரைப் பார்க்க அழுகை வந்தது, வீதியைப் பார்த்துக்கொண்டு காரை ஓட்டினேன். ரசிகர்களின் உரிமை என்று நாங்கள் காவல் காத்தது வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தையா, அல்லது வந்து கேட்கிற மரியாதையை மட்டும்தானா? மரியாதை மட்டும் என்றால் நாளைக்கு ஒரு கள்ளன் வந்து, கதிரையை இழுத்துப்போட்டு இனிமையாகக் கேட்டால் என்ன செய்வது? ஹெலன் ஓய்வுபெற்று மெல்பேர்ணுக்கு மகளிடம் போனபிறகும் தொலைபேசியில் நாங்கள் இதைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறோம். சில நாள் அவர் ஒரு பக்கம், சில நாள் நான் அதே பக்கம், முடிவு மட்டும் வருவதில்லை.

வெஸ்ட்லைன் நன்றாகத்தான் இருக்கிறது. செந்தில்குமார் சொன்ன சொல் தவறவில்லை. ரசிகர் மன்றத்தில் மூலைக்கொடி ஆட்களுக்கு நிரந்தர இடம் எழுதி வைத்தார், வந்துபோக வானும் ஒழுங்கு செய்தார். சூசை அண்ணை ஒரு தடவை போனார். "கதிரை நல்ல மெத்தை, முழு மைதானமும் தெரியுது, எனக்குச் சரிவரேல்லை" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான். வான் இன்னமும் ஆளில்லாமல் வந்து போகிறதாம்.

ஓடைக்கரை மைதானத்தை நகரசபை வேறொரு கழகத்துக்குக் கொடுத்தது. நேபாளத்திலிருந்து படிக்க வந்த பெடியள் தொடங்கிய கழகம். முதல் ஆட்டத்துக்கு அவர்கள் வந்தபோது ஓடைப் பக்க மூலைக்கொடிக்குப் பின்னால் பிளாஸ்ரிக் கதிரைகளில் கிழவர்கள் சிலர் இருந்தார்கள். யார் என்று கேட்க அவர்களுக்கும் கூச்சம். தலைவன் பிகாஷ் என்ற பெடியன் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, "அங்கிள், இங்கே நாங்கள் விளையாடலாமா?" என்று கேட்டானாம். அதோடு சரி. இப்போது அந்தக் கழகம் லீக்குக்கு விண்ணப்பித்திருக்கிறது. ரசிகர்கள் யார் என்ற கேள்விக்கு, மூலைக்கொடி அங்கிள்மார் என்று பதில் எழுதியிருக்கிறார்கள். வெஸ்ட்லைன் தன் மன்றத்தில் அவர்கள் பெயரை வைத்திருக்கிறது. நிவேதா நடுவில் நின்று தலையைப் பிய்த்துக்கொள்கிறாள்.

போன ஞாயிறு நானே போய்ப் பார்த்தேன். ஓய்வுபெற்றவனுக்கு நாடா பிடிக்க ஒன்றும் இல்லை. ஈரப் புல்லில் சூசை அண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேபாளப் பெடியள் தோற்கத் தொடங்கினார்கள். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். முதல் கோலுக்குப் பேசாமல் இருந்தார். வேற்றாட்களின் அணிதானே, அவருக்கு என்ன என்று நினைத்தேன். இரண்டாவது விழுந்தது.

"உவனுக்குக் காலோ கட்டையோ?" என்றார்.

மூன்றாவது விழுந்தது. எழுந்து கதிரையை மடித்தார். மற்றவர்களும் மடித்தார்கள். முன்பைவிடக் குறைந்த ஆட்கள், முன்பைவிட மெதுவான நடை. நானும் பின்னால் போனேன். வெள்ளை வான் இல்லை, வேறொரு வான் நின்றது. அதற்குப் பின்னால் போய் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் நிவேதாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, அங்கிள்மார் எழும்பிப் போட்டினம்."

"அப்ப, ஃபான்ஸ் இல்லையா அங்கிள்? நான் நோ எண்டு போடட்டா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மைதானத்திலிருந்து ஒரு ஆரவாரம் வந்தது. சூசை அண்ணை திரும்பவில்லை. என் சேட்டைப் பிடித்து இழுத்தார்.

"போனை விடு. தாசு, அது ஆற்ற சத்தம்? எட்டிப் பாரன்."

நான் வானைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன் என்றால் பாருங்கள். பெடியள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள், பந்து எதிரணி வலைக்குள்.

"எங்கட பெடியள் அண்ணை!" என்று கத்தினேன். "எங்கட பெடியள் அடிச்சிட்டாங்கள்!"

தொலைபேசி இன்னும் கையில் இருந்தது. அதற்குள்ளிருந்து நிவேதாவின் குரல் வந்தது.

"அங்கிள்? நீங்களுமா?"